இரு மொழியும் ஒரு மூளையும்

தமிழகத்துக்கு வெளியே குடியேறி வாழும் தமிழ்ப் பெற்றோரிடையே நெடுங்காலமாக ஓர் அச்சம் உலவி வருகிறது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தியோ வங்காளமோ மராத்தியோ, பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்கு நடுவே வளரும் பிள்ளை எதிலும் தேறாமல் போய்விடுமோ என்பதே அது. குழந்தை வாய் திறந்து பேசச் சில மாதங்கள் கூடுதலாக எடுத்துக்கொண்டால் போதும். "வீட்டில் ஒரே மொழியாகப் பேசுங்கள், குழந்தையைக் குழப்பாதீர்கள்" என்று அண்டை அயலார் அறிவுரை கூறத் தொடங்கிவிடுவர். ஆசிரியர்களுள்ளும் சிலர் அவ்வாறு கூறுவதுண்டு. அந்த ஒரே மொழி எது என்று மட்டும் எவரும் சொல்வதில்லை. சொல்லவும் வேண்டுவதில்லை. விட்டுக்கொடுக்கப்படுவது தமிழாகத்தான் இருக்கும் என்பது அனைவரும் அறிந்ததே.

இவ்வச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. மரக்காலில் ஒரு மரக்கால் நெல்தான் கொள்ளும். மூளையும் அத்தகைய அளவுப் பாத்திரமே என்று கொண்டால், பாதியைப் பிறமொழிக்குக் கொடுத்தபின் எஞ்சிய பாதியே தாய்மொழிக்கு மிஞ்சும். படித்தவரும் படியாதவரும் ஒருங்கே நம்பி வந்த கணக்கு இது. விஞ்ஞானிகளும் சில காலம் இக்கணக்கையே போட்டுப் பார்த்தனர். அது எவ்வாறு எழுந்தது, எவ்வாறு திருத்தப்பட்டது, திருத்திய பின்னும் நம் கவலைக்கு உரியதாக எஞ்சி நிற்பது எது என்பதை இவ்வுரையில் காண்போம்.

பேச்சுக்கு மூளையில் தனியிடம் உண்டு என்னும் கருத்து வேரூன்றிய ஆண்டு 1861. பாரிஸ் நகரை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ஞ் என்னும் நோயாளி 21 ஆண்டுகள் இருந்தார். பிறர் சொல்வதை அவர் பெரும்பாலும் புரிந்துகொள்வார். ஆனால் எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வருவது 'டான்' என்னும் ஓரசையே. அவ்வாண்டு ஏப்ரலில் அவர் இறந்தபின், பால் புரோக்கா என்னும் அறுவை மருத்துவர் அவருடைய மூளையை ஆராய்ந்து, இடப்புற முன்பகுதியின் கீழ்மடிப்பு சிதைந்திருக்கக் கண்டார். 1874-இல் பிரெஸ்லௌ நகரைச் சேர்ந்த கார்ல் வெர்னிக்கே என்னும் 26 வயது இளைஞர், காதுக்கு அண்மையில் சற்றுப் பின்தள்ளி மற்றோர் இடத்தைக் காட்டினார். அங்கே ஊறு நேர்ந்தவர் தடையின்றிப் பேசுவர். ஆனால் பேச்சில் பொருள் இராது, பிறர் பேச்சும் அவருக்கு விளங்காது. இவ்விரண்டு இடங்களும் நரம்பிழைகளால் இணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும் வெர்னிக்கே கருதினார். இன்று நிபுணர்கள் 'மொழி வலைப்பின்னல்' என்று கூறுவதன் முதல் இழை அதுவே.

ஒரு மொழிக்கு இடம் கண்டாயிற்று. இரண்டு மொழி அறிந்தவனுக்கு? 1867-இலேயே எடின்பரோ நகர மருத்துவர் ஸ்கோர்ஸ்பி-ஜாக்சன் ஒரு விடையை முன்மொழிந்தார். புரோக்கா காட்டிய மடிப்பின் அடிப்பகுதி தாய்மொழிக்கும், அதன் எஞ்சிய பகுதி பின்னர்க் கற்கும் மொழிகளுக்கும் உரியதாகலாம் என்பது அவர் கருத்து. வீட்டுக்குள் அறை பிரித்துக் கொடுத்தாற் போன்ற விடை அது. கேட்பதற்கு அழகாயிருந்தது, அறைகளை எவரும் கண்டதில்லை.

கண்டறிய ஒரே வழி, பன்மொழி அறிந்தவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனபின், எம்மொழி முதலில் திரும்புகிறது என்று படுக்கையருகே காத்திருந்து பார்ப்பதுதான். பிரெஞ்சு உளவியலறிஞர் தேயோதூல் ரீபோ 1881-இல் வெளியிட்ட நினைவு நோய்கள் பற்றிய நூலில், பழைய நினைவுகளே உறுதியாய் நிற்கும், புதியவை முதலில் உதிரும் என்னும் பொதுவிதியை வகுத்திருந்தார். அதன்படி தாய்மொழியே முதலில் மீள வேண்டும். போர்தோ நகர மருத்துவர் ஆல்பெர் பீத்ர் 1895-இல் இதை மறுத்தார். நோய் வருமுன் ஒருவர் எம்மொழியை மிகுதியாகப் புழங்கினாரோ அதுவே முதலில் மீள்கிறது, அது தாய்மொழியாயினும் அன்றாயினும் சரியே என்பது அவர் கண்ட முடிவு. இன்னும் ஒன்றும் அவர் சொன்னார். நம் நோக்கில் அதுவே பெரிது. மீளாத மொழி அழிந்துவிடவில்லை, அடங்கிக் கிடக்கிறது என்றார். ஆகவே மொழிக்கொரு தனியறை வேண்டியதில்லை என்றும் வாதிட்டார். ஒரு நூற்றாண்டுக்குப் பின் எழுந்த ஆராய்ச்சிகள் பெரும்பாலும் இவர் பக்கமே சாய்ந்தன என்பதை நேயர்கள் நினைவிற் கொள்க.

ரீபோவின் விதிக்கும் பீத்ரின் விதிக்கும் அடங்காத நோயாளிகளும் வந்துகொண்டே இருந்தனர். சூரிக் நகரத்து மின்கோவ்ஸ்கி 1928-இல் எழுதிய ஒரு நோயாளி ஸ்விஸ் ஜெர்மன் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர். நாள்தோறும் புழங்கியதும் அதுவே. ஆயினும் பக்கவாதத்துக்குப் பின் அவர் நாவில் முதலில் வந்தது பிரெஞ்சு. இளமையில் பிரான்சில் வாழ்ந்தபோது அங்கே ஒரு பெண்ணிடம் அவர் ஆழ்ந்த அன்பு கொண்டிருந்தார். அவ்வன்பின் மொழி முதலில் மீண்டது என்று மின்கோவ்ஸ்கி விளக்கினார். அவருடைய மனைவியின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டியதுதான்.

இவற்றினும் வியப்பானது, 1982-இல் மான்ட்ரியால் அறிஞர் மிஷேல் பாரதியும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட செய்தி. மொராக்கோ நாட்டு ரபாத் நகரில் பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட கன்னியாஸ்திரீ ஒருவர், நோயுற்ற குழந்தைகளிடையே பணிபுரிந்து வந்தார். அரபியும் அவருக்குச் சரளம். ஒரு வண்டி விபத்தில் தலையில் அடிபட்டபின், ஒரு நாள் அவரால் அரபியில் தடையின்றிப் பேச முடிந்தது, பிரெஞ்சில் வாய் எழவில்லை. அடுத்த நாளோ பிரெஞ்சு தங்குதடையின்றி வந்தது, அரபி ஒளிந்துகொண்டது. இதுவே விந்தை. இதனுள் மற்றொரு விந்தை இருந்தது. பிரெஞ்சு வராத நாளில், ஒரு சொற்றொடரை அரபியில் சொல்லி அதைப் பிரெஞ்சில் பெயர்க்கச் சொன்னால் செவ்வனே பெயர்த்துவிடுவார். தாமாகப் பிரெஞ்சில் நான்கு சொல் சேர்த்துப் பேச மட்டும் இயலாது. அதே நாளில் பிரெஞ்சிலிருந்து அரபிக்குப் பெயர்க்கச் சொன்னால், தாம் சரளமாய்ப் பேசிக்கொண்டிருக்கும் அரபியிலேயே தடுமாறுவார்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம்மவர்க்கு இச்செய்தி ஏதோ அறிந்ததுபோல் தோன்றும். ஆங்கில ஆணை ஒன்றைத் தமிழாக்கி முடித்துவிட்டு, அதே பொருளைப் பற்றி உடனே தமிழில் நாமாக ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தால், பேனா சற்று நேரம் நகராது. பெயர்ப்பவன் நடக்கும் வழி வேறு, பேசுபவன் நடக்கும் வழி வேறு போலும் என்று அலுவலகங்களில் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வோம். ரபாத் நோயாளி அது வேடிக்கை அன்று என்று காட்டினார். அவருடைய பிரெஞ்சு மூளையில் அழிந்திருந்தால் அதில் பெயர்த்திருக்க முடியாது. மொழி உள்ளே இருந்தது. அதை எழுப்பும் வழிகளுள் ஒன்று அடைபட்டிருந்தது, மற்றொன்று திறந்திருந்தது. பீத்ர் 1895-இல் கூறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நோயாளியின் விபத்துக்காகக் காத்திராமல் மூளையையே நேரில் வினவும் வழியும் இதற்குள் பிறந்திருந்தது. மான்ட்ரியால் நரம்பியல் நிலையத்தில் வைல்டர் பென்ஃபீல்டு என்னும் அறுவை மருத்துவர், வலிப்பு நோயாளிகளுக்கு மண்டையோட்டைத் திறந்து சிகிச்சை செய்யும்போது அவர்களை விழித்திருக்கச் செய்வார். மூளைக்குத் தன்னளவில் வலி தெரியாது. மெல்லிய மின்சாரத்தை இங்கும் அங்கும் தொட்டுக்கொண்டே, படங்களைக் காட்டிப் பெயர் கேட்பார். பேச்சுக்குரிய இடத்தைத் தொட்டவுடன் நோயாளிக்குப் பெயர் வராது. கத்தி அவ்விடத்தை விட்டு விலகிச் செல்லும். ஆங்கிலமும் பிரெஞ்சும் அருகருகே வாழும் நகரம் அது. லமார் ராபர்ட்ஸ் என்பாருடன் 1959-இல் அவர் வெளியிட்ட நூலில், இருமொழியாளருக்கும் மொழிக்கருவி ஒன்றே என்னும் கருத்து வற்புறுத்தப்பட்டது. 1978-இல் ஆஜ்மன், விட்டேக்கர் என்னும் இருவர் அமெரிக்காவில் இதே முறையில் இரண்டு நோயாளிகளை ஆராய்ந்தபோது படம் இன்னும் நுட்பமாயிற்று. சில புள்ளிகளைத் தொட்டால் இரண்டு மொழிகளும் தடைப்பட்டன; சில புள்ளிகளில் ஒன்று மட்டும் தடைப்பட்டது. இரண்டு தனி அறைகளும் இல்லை, பிரிவற்ற ஒரே கூடமும் இல்லை. ஒரே ஊரின் தெருக்களில் இரண்டு மொழிகளும் நடமாடுகின்றன. சில சந்துகள் மட்டும் ஒன்றற்கே உரியன.

மருத்துவமனைகளில் உண்மை இவ்வாறு துளித்துளியாய்த் தெளிந்து வரும்போது, பள்ளிக்கூடங்களில் மரக்கால் கணக்கே ஆட்சி செய்தது. அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு பிரிட்டனின் மேற்கிலுள்ள வேல்ஸ் நாடு. அங்கு மக்கள் மொழி வெல்ஷ். கல்வியும் பதவியும் ஆங்கிலத்தில். 1847-இல் வெளியான அரசாங்க அறிக்கை ஒன்று வெல்ஷ் மொழியை முன்னேற்றத்துக்குத் தடையென்று பழித்தது. அந்நூற்றாண்டில் பல பள்ளிகளில், வெல்ஷ் பேசிய குழந்தையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடும் வழக்கமும் இருந்தது. பின்னர், 1923-இல், டி. ஜே. சேர் என்பவர் ஏறத்தாழ 1,400 வேல்ஸ் குழந்தைகளின் அறிவை அளந்து, கிராமப்புறங்களில் இருமொழிக் குழந்தைகள் ஒருமொழிக் குழந்தைகளைவிடப் பின்தங்கியிருப்பதாக எழுதினார். நகர்ப்புறக் குழந்தைகளிடையே அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை என்பதும் அதே ஆராய்ச்சியில் உள்ளது. ஆனால் உலகம் முதற்பாதியைத்தான் காதில் வாங்கிக்கொண்டது. கிராமத்து வெல்ஷ் குழந்தையின் வறுமையும், அது கேளாத மொழியின் மணமும் அந்த அளவுகோலிலேயே கலந்திருந்தன என்பதைக் கூற எவரும் முன்வரவில்லை. நாம் இன்று நம் அண்டை வீட்டாரிடம் கேட்கும் அறிவுரையின் ஊற்று இத்தகைய ஆராய்ச்சிகளில் இருக்கிறது.

திருப்பம் 1962-இல் வந்தது. மான்ட்ரியாலில் எலிசபெத் பீலும் வாலஸ் லாம்பர்ட்டும் பத்து வயதுப் பள்ளிப் பிள்ளைகளைத் தேர்ந்து, குடும்ப வசதி முதலியவற்றைச் சமப்படுத்தி ஒப்பிட்டனர். பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டிலும் தேர்ச்சியுள்ள பிள்ளைகள் பல சோதனைகளில் ஒருமொழிப் பிள்ளைகளை விஞ்சி நின்றனர். இரு மொழியிலும் சமமாகத் தேர்ந்தவரையே பொறுக்கி எடுத்ததால் இயல்பிலேயே கூர்மையானவர்கள் வந்து சேர்ந்திருக்கலாம் என்று பின்னர் எழுந்த மறுப்பு நியாயமானதே. ஆயினும் நாற்பதாண்டுகளாக நிலவிய பழி அன்றோடு ஆட்டங்கண்டது.

நம் நாட்டிலேயே இதனினும் துலக்கமான ஒப்பீடு நிகழ்ந்திருக்கிறது. தமிழர்க்கு அது இன்னும் நெருக்கமானது. ஒடிசா மலைகளில் கோந்த் எனப்படும் பழங்குடியினர் வாழ்கின்றனர். அவர்தம் மொழியாகிய குயி நம் திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. காலப்போக்கில் சில பகுதிக் கோந்த் மக்கள் குயியை மறந்து ஒடியா மட்டுமே பேசலாயினர். வேறு சில பகுதிகளில் குயியும் ஒடியாவும் இணைந்தே வாழ்கின்றன. குலம் ஒன்று, வறுமை ஒன்று, வாழ்க்கைமுறை ஒன்று. மொழி மட்டுமே வேறுபாடு. வேல்ஸ் ஆராய்ச்சியில் இல்லாத நேர்மையான தராசு இங்கே இயற்கையாகவே அமைந்திருந்தது. உளவியலறிஞர் அஜித் மொஹந்தியும் அவருடைய கூட்டாளிகளும் 1980-களில் இக்குழந்தைகளை ஆராய்ந்து, இருமொழிக் குழந்தைகள் அறிவுத்திறனிலும், மொழியைப் பற்றியே சிந்திக்கும் திறனிலும் முன்னிற்பதைக் கண்டனர். மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1994-இல் மொஹந்தியின் நூலை வெளியிட்டது. அந்நூலைப் பற்றி நம் பள்ளி ஆசிரியர்களுள் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பர்?

குழந்தை குழம்பும் என்பதற்கும் இங்கேயே விடை கூறிவிடலாம். இரு மொழி கேட்டு வளரும் குழந்தைகள் முதற்சொல்லை மற்றக் குழந்தைகள் பேசும் பருவத்திலேயே பேசுகின்றன. ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியே சொல் எண்ணினால் குறைவாகத் தோன்றும். இரண்டையும் கூட்டினால் குறைவு மறையும். அதற்கும் முன்னே செல்வோமாயின், கனடாவின் வான்கூவர் நகரில் 2010-இல் வெளியான ஆராய்ச்சியில், கருவுற்ற காலத்தில் தகாலோக், ஆங்கிலம் இரண்டும் பேசிய தாய்மாரின் குழந்தைகள் பிறந்த சில நாட்களிலேயே இரு மொழிகளையும் விரும்பிக் கேட்டதோடு, ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிந்தும் காட்டின. குழப்பம் தொட்டிலில் இல்லை.

1990-களில் புதியதொரு பொறி வந்தது. மூளையில் உழைக்கும் பகுதிக்கு உயிர்வளி மிக்க இரத்தம் கூடுதலாகப் பாயும். வலிய காந்தம் அவ்வேறுபாட்டைப் படம் பிடிக்கும். மண்டையோட்டைத் திறக்க வேண்டியதில்லை, நோயாளியும் தேவையில்லை. 1997-இல் நியூயார்க் ஆராய்ச்சியாளர்கள் 12 இருமொழியாளரை இப்பொறியில் கிடத்தி, மனத்துக்குள் இரு மொழிகளிலும் பேசச் செய்தனர். குழந்தைப் பருவத்திலேயே இரண்டையும் கற்றவருக்குப் புரோக்கா பகுதியில் இரண்டும் ஒரே இடத்தில் ஒளிர்ந்தன. வளர்ந்தபின் இரண்டாவதைக் கற்றவருக்கு அருகருகே இரண்டு இடங்கள் ஒளிர்ந்தன. வெர்னிக்கே பகுதியிலோ இரு சாராருக்கும் ஒரே இடம். ஸ்கோர்ஸ்பி-ஜாக்சனின் அறைகள் ஒருவாறு மீண்டும் தலைகாட்டின எனலாம். மறு ஆண்டே மிலான் நகர ஆராய்ச்சியாளர்கள் வேறு விளக்கம் தந்தனர். எவ்வயதில் கற்றார் என்பதைவிட எவ்வளவு தேர்ந்தார் என்பதே பெரிது. பிற்பட்டுக் கற்றவரும் நன்கு தேர்ந்துவிட்டால் இரண்டாம் மொழி தாய்மொழியின் தடத்திலேயே போய்ச் சேருகிறது என்றனர். 2004-இல் லண்டன் ஆராய்ச்சி ஒன்று, இருமொழியாளரின் இடப்புற மூளையில் சொற்களோடு தொடர்புடைய ஒரு பகுதியில் சாம்பல் நிறப் பொருள் செறிந்திருப்பதையும், தேர்ச்சி கூடக் கூட அச்செறிவும் கூடுவதையும் காட்டியது. நெல் கூடக் கூட மரக்காலே பருக்கிறது என்றால், பழைய கணக்கு என்னாவது?

இரண்டு மொழிகளும் ஒரே தெருவில் நடமாடுமாயின் ஒன்றோடொன்று மோதாதோ என்று நேயர்கள் கேட்கலாம். மோதவே செய்கின்றன. இருமொழியாளர் ஒன்றைப் பேசும்போது மற்றது உறங்குவதில்லை என்பதைப் பல சோதனைகள் காட்டியுள்ளன. ஆகவே மூளை ஒரு காவலையும் அமர்த்தியிருக்கிறது. நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதிகளும், மூளையின் ஆழத்திலுள்ள சில முடிச்சுகளும் சேர்ந்து, இவ்வேளைக்கு இம்மொழி என்று தேர்ந்து மற்றதை அடக்குகின்றன. ஐரோப்பிய அறிஞர்களாகிய அபுதாலெபியும் கிரீனும் 2007 முதல் இக்காவலின் அமைப்பை விரித்துரைத்தனர். மொழிக்கென்று பிறந்த காவல் அன்று இது. எப்பணியிலும் கவனத்தை ஒருமுகப்படுத்தும் பொதுக் காவலே. நம் வீட்டுப் பிள்ளை "அம்மா, பானி வேணும்" என்று கேட்கும்போது அவனுக்குத் தண்ணீர் என்னும் சொல் தெரியாது என்பது பொருளன்று. கேட்பவருக்கு இரண்டும் தெரியும் என்று அறிந்து காவலைச் சற்றே தளர்த்தியிருக்கிறான், அவ்வளவே. பாட்டியிடம் தொலைபேசியில் பேசும்போது அவனே தண்ணீர் கேட்பான்.

எழுத்துக்கும் இதில் பங்குண்டு. தில்லியை அடுத்த மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தார், இந்தியையும் ஆங்கிலத்தையும் படிப்போரை ஆராய்ந்து 2011-இல் ஒரு செய்தி வெளியிட்டனர். சிறுவயதில் இரண்டு எழுத்துகளையும் ஒருசேரக் கற்றவர்கள், எழுத்தொலியைக் கூட்டிப் படிக்க வேண்டிய நாகரிக்கு ஒரு வழியையும், முழுச்சொல்லாகப் பார்த்துப் படிக்க வேண்டிய ஆங்கிலத்துக்கு வேறொரு வழியையும் மூளையில் பயன்படுத்தினர். இந்தியை முன்னும் ஆங்கிலத்தைப் பின்னும் கற்றவர்களோ இந்தி படிக்கும் வழியிலேயே ஆங்கிலத்தையும் படித்தனர். தமிழ் பேசத் தெரிந்து, தமிழ் படிக்கத் தெரியாமல் வளரும் நம் பிள்ளைகளைப் பற்றி இத்தகைய ஆராய்ச்சி நடைபெறுமாயின் மிகவும் பயனுடையதாகும்.

அடுத்து முதுமைக்கு வருவோம். கனடாவின் டொரான்டோ நகரில் எல்லன் பியாலிஸ்டாக்கும் கூட்டாளிகளும் 184 மறதி நோயாளிகளின் ஏடுகளைப் புரட்டி, இருமொழியாளருக்கு நோய்க்குறிகள் ஏறத்தாழ 4 ஆண்டுகள் பிற்பட்டுத் தோன்றுவதாக 2007-இல் அறிவித்தனர். அங்குள்ள இருமொழியாளருள் பெரும்பாலோர் குடியேறியவர்கள். நாடு விட்டு நாடு செல்வோர் இயல்பிலேயே திடமானவராக இருக்கலாமன்றோ என்று மறுப்பு எழுந்தது. அம்மறுப்புக்கு விடை சொல்லத் தகுந்த ஊர் ஐதராபாத். தெலுங்கும் தக்கணி உருதும் இந்தியும் ஆங்கிலமும் பிறந்த மண்ணிலேயே கலந்து புழங்கும் நகரம் அது. இருமொழியாளராக அங்கு எவரும் குடிபெயர வேண்டியதில்லை. அங்குள்ள நிஜாம் மருத்துவ விஞ்ஞான நிலையத்தில் சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட முடிவு: இருமொழியாளருக்கு நோய் நான்கரை ஆண்டுகள் பிற்பட்டுத் தோன்றுகிறது. எழுத்தறியாதவரிடையேயும் அவ்வேறுபாடு காணப்பட்டது. கல்வியின் பயனை மொழியின் பயனாக மயங்கினர் என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2016-இல் அதே குழுவினர் 608 பக்கவாத நோயாளிகளைப் பார்த்தபோது, அறிவாற்றல் குன்றாமல் மீண்டவர் இருமொழியாளருள் நூற்றுக்கு 40 பேர். ஒருமொழியாளருள் நூற்றுக்கு 20 பேருக்கும் சற்றுக் குறைவு.

இச்செய்தி கேட்டு ஆரவாரம் செய்வது தகாது. நோயற்ற முதியோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சிகள் பலவற்றில் இத்தகைய பயன் காணப்படவில்லை. இளைஞரிடம் கண்டதாகச் சொல்லப்பட்ட கவனத்திறன் மேம்பாடும், பெரிய அளவில் மீண்டும் சோதித்தபோது பலமுறை கரைந்துபோயிற்று. இரு மொழி அறிந்தால் மூளை கூர்மையாகும் என்று விளம்பரம் செய்வோர், இரு மொழி அறிந்தால் மூளை மழுங்கும் என்று அன்று எழுதியவரைப் போலவே அவசரப்படுகின்றனர் என்பது நம் கருத்து. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நம் நாட்டில் நூற்றுக்கு 26 பேர் இரு மொழியேனும் அறிந்தவர். இத்தனை கோடி மக்களுக்கு இது மருந்து அன்று, வாழ்க்கை.

சுமை என்னும் அச்சம் ஒழிந்தது. ஆனால் பெற்றோர் அஞ்சத் தக்கது வேறொன்று உண்டு. அதைப் பற்றி அண்டை வீட்டார் பேசுவதில்லை. 2003-இல் பாரிஸ் நகரில் கிறிஸ்தோஃப் பல்லியேயும் குழுவினரும், கொரியாவில் பிறந்து 3 வயதுக்கும் 8 வயதுக்கும் இடையே பிரெஞ்சுக் குடும்பங்களால் தத்தெடுக்கப்பட்ட 8 இளைஞரை ஆராய்ந்தனர். எட்டு வயதுப் பிள்ளை என்றால் கதை சொல்லத் தெரிந்த பிள்ளை, சண்டை போடத் தெரிந்த பிள்ளை. அப்பிள்ளைகள் வளர்ந்தபின், பல மொழிகளின் வாக்கியங்களைக் கேட்பித்தபோது, அவற்றுள் கொரிய மொழி எது என்று அவர்களால் பிரித்துக் காட்ட இயலவில்லை. காந்தப் பொறியும் அதையே சொன்னது. கொரிய வாக்கியத்துக்கும், அவர்கள் என்றுமே கேட்டிராத போலிஷ் வாக்கியத்துக்கும் அவர்கள் மூளை ஒரே விதமாக விடையிறுத்தது. பிரெஞ்சோ பிறவியிலேயே பிரெஞ்சுக்காரராயிருப்பவருக்கு நிகராய் அமைந்திருந்தது.

புழங்காத மொழி இவ்வளவு தூரம் விலகிச் செல்லும் என்பது திகைப்பூட்டும் செய்தி. இங்கே ஒரு வேறுபாட்டையும் கூற வேண்டும். அப்பிள்ளைகளுக்குக் கொரிய மொழி ஒரே நாளில் அடியோடு நின்றுபோயிற்று. நம் பிள்ளைகளுக்கோ அது வீட்டுக்குள் நாள்தோறும் சிறிது சிறிதாகக் குறைகிறது. கேட்கும் பிள்ளை இந்தியில் விடை சொல்லும். பெற்றோரும் காலப்போக்கில் இந்தியிலேயே கேட்கத் தொடங்குவர். எந்த நாளில் நின்றது என்று பின்னர் எவராலும் சொல்ல முடிவதில்லை.

ஆயினும் பாரிஸ் ஆராய்ச்சியோடு கதை முடியவில்லை. 2014-இல் மான்ட்ரியாலில் லாரா பியர்ஸ் என்பவரும் குழுவினரும், சீனத்தில் பிறந்து ஏறத்தாழ ஒரு வயதில் கனடாவுக்குத் தத்துவந்து, பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த சிறுமியரை ஆராய்ந்தனர். சீன மொழியில் ஓரசையே குரலின் ஏற்ற இறக்கத்தால் வெவ்வேறு பொருள் தரும். அவ்வேற்ற இறக்கங்களை இச்சிறுமியருக்குக் கேட்பித்தபோது, ஒரு சொல்லின் பொருளும் அறியாத அவர்களுடைய மூளையில் இடப்புற மொழிப்பகுதி ஒளிர்ந்தது. சீனமும் பிரெஞ்சும் இன்றும் பேசும் சிறுமியரிடம் ஒளிர்ந்த அதே பகுதி. சீனமே கேட்டறியாத பிரெஞ்சுச் சிறுமியருக்கோ அவ்வொலிகள் வலப்புறத்திலேயே விழுந்தன. பாரிஸ் குழுவினர் வாக்கியங்களைக் கொண்டு தேடினர். மான்ட்ரியால் குழுவினர் ஒலியின் அடித்தளத்தைத் தோண்டினர்.

அத்தகைய சுவடு இருப்பதால் பயன் உண்டா என்று நெதர்லாந்தில் சோதித்துப் பார்த்தனர். அம்முடிவு 2017-இல் வெளியாயிற்று. கொரியாவிலிருந்து தத்துவந்து டச்சு மொழியிலேயே வளர்ந்த 29 பேருக்கும், பிறப்பிலேயே டச்சுக்காரரான 29 பேருக்கும் கொரிய ஒலிகளைக் கற்பித்தனர். கொரிய மொழியில் நம் காதுக்கு ஒரே ககரமாகத் தோன்றும் ஒலி மூன்று வகைப்படும். தமிழ் கேளாத வடபுலத்துப் பிள்ளைக்கு நம் ழகரம் எவ்வளவு அரிதோ அவ்வளவு அரிது அவ்வேறுபாடு. தொடக்கத்தில் இரு சாராரும் ஒன்றுபோலவே தடுமாறினர். சில நாட்பயிற்சிக்குப்பின் தத்துவந்தோர் முந்தினர். அவர்களுள் சிலர் பிறந்து ஆறு மாதம் நிறையுமுன்னரே, தாமாக ஒரு சொல்லும் பேசுமுன்னரே, கொரியாவை விட்டு வந்தவர். ஒன்றரை வயதும் அதற்கு மேலும் ஆனபின் வந்தவர்களுக்கும் இவர்களுக்கும் பயிற்சியில் வேறுபாடு காணப்படவில்லை.